பாப்பாவுக்கு ஹை சேர்: தராசு கட்டி இழுத்துப் பார்த்தது

எங்க வீட்டுல இப்ப ரெண்டு ஹை சேர் இருக்கு, அதாவது குழந்தையை உட்கார வச்சு ஊட்டற உயர நாற்காலி. பரண்ல ஏறிக் கிடக்கறது ஏழாயிரம் ரூபாய்ச் சேர். சமையல்கட்டு வாசல்ல நின்னு தினம் மூணு வேளை ராகிக் கூழ் வாங்கிக் கட்டிக்கறது, அதுல பாதி விலைகூட இல்லாதது. இது எப்படி இப்படி ஆச்சுன்னு எழுதி வைங்க, அடுத்து வாங்கறவங்களுக்கு உதவும்னு வீட்டம்மா சொன்னா. எழுதறேன்.

நான் கோயமுத்தூர் கணபதியில சின்னதா ஒரு லேத் பட்டறை வச்சிருக்கேன். பம்புக்கு ஷாஃப்ட் கடையற ஜாப் ஆர்டர் வேலை. அதனால எந்தப் பொருளைப் பார்த்தாலும் முதல்ல கவுத்துப் போட்டு அடியைப் பார்க்கற பழக்கம். குழந்தைச் சாமான் கடையில அப்படிக் கவுத்தா, நிக்கற பொண்ணு ஒரு மாதிரியாத்தான் பார்க்கும். பார்க்கட்டும். எங்க வெல்டு, எங்க ரிவெட், எங்க பிளாஸ்டிக்குக்குள்ளயே நேரா ஸ்க்ரூவை ஏத்தி விட்டிருக்கான்னு அடியிலதான் தெரியும். கம்பெனிப் பேர் எதையும் நான் இங்க சொல்லப் போறதில்லை. நான் பார்த்த மெத்தைச் சேர்கள்ல மூணு ஒரே அச்சுல வார்த்தது, ஸ்டிக்கரும் துணி நிறமும்தான் வேற வேற. அது ஒரு காரணம். இன்னொரு காரணம் போகப் போகத் தெரியும்.

பாப்பாவுக்கு ஆறு மாசம் முடிஞ்சு பத்தாம் நாள் மருதமலையில சோறு ஊட்டினோம். ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பால் மட்டும், அதுக்கப்புறம் கூடவே மத்த சாப்பாடுன்னு எங்க டாக்டர் சொன்னது உலக சுகாதார நிறுவனம் சொல்ற அதே கணக்குத்தான். ஆனா காலண்டரை மட்டும் பார்க்காதீங்கன்னும் சொன்னார். தலை ஆடாம நிக்கணும், லேசா முட்டுக் கொடுத்தா நிமிர்ந்து உட்காரணும், சாப்பாட்டைப் பார்த்துக் கை நீட்டணும். எங்காளு கை நீட்டறதுல கெட்டிக்காரி. உட்கார்றதுதான், ஒரு நிமிஷம் நல்லா இருந்துட்டு அரிசி மூட்டை மாதிரி மெதுவா ஒரு பக்கம் சாய்வா.

எங்கம்மா கால் ரெண்டையும் நீட்டி உட்கார்ந்து, குளிப்பாட்டற மாதிரியே பேத்தியைக் கால் மேல போட்டு ஊட்டப் பார்த்தாங்க. டாக்டர் வேண்டாம்னுட்டார். நிமிர்ந்து இருந்தா குழந்தையே நாக்கால பின்னுக்குத் தள்ளி முழுங்கும். மல்லாக்கப் போட்டா அது தயாராகறதுக்கு முன்னாடியே சோறு தானா தொண்டைக்கு உருண்டு போயிடும், புரையேறும்னு சொன்னார். அம்மாவுக்குக் கோபம். "உன்னையெல்லாம் இடுப்புல வெச்சு நெலாவக் காட்டித்தாண்டா ஊட்டுனேன். இவளுக்கு எதுக்கு மேசையும் நாற்காலியும்? கலெக்டரா?" இடுப்புல வச்சா முதுகு நிமிர்ந்துதானே இருக்கு, அதுல தப்பே இல்லை. எட்டு கிலோவை அரை மணி நேரம் தூக்கி நிக்க அம்மா இடுப்புதான் ஒத்துக்கலை.

அந்த நேரம் பார்த்து பொள்ளாச்சியில இருந்து மாமனார் வந்து இறங்கினார், ஆட்டோ பின்னாடி ஆளுயரத்துக்கு ஒரு பெட்டியோட. பேத்திக்கு அப்பிச்சி வீட்டுச் சீர். மெத்தை, சக்கரம், அஞ்சு நிலைச் சாய்வு, ஏழு நிலை உயரம், ரெண்டு அடுக்குத் தட்டு. "கடையிலயே இதுதானுங்க மாப்ள ஒசத்தி"ன்னார். பேர் சொல்லாததுக்கு அந்த இன்னொரு காரணம் இதுதான்.

குறை சொல்றதுக்கு முன்னாடி ஒண்ணு ஒத்துக்கறேன், அது சாயற சேர் இல்லை. நான் சோதிச்சுப் பார்த்தேன். பட்டறையில தொங்கற ஸ்பிரிங் தராசை வீட்டுக்குக் கொண்டு வந்து, சேர்ல எட்டு கிலோ அரிசியைப் பையில போட்டு பெல்ட்டு மாட்டி, குழந்தையோட நெஞ்சு உயரம் எவ்வளவோ அந்த இடத்துல கொக்கியை மாட்டிப் பக்கவாட்டுல இழுத்தேன். எதிர்ப்பக்கக் கால் எத்தனை கிலோவுல தரையை விட்டுக் கிளம்புதுன்னு பார்க்கறதுதான் கணக்கு. மெத்தைச் சேர் அஞ்சு கிலோவுக்கு மேல தாங்குச்சு. எடை அதிகம், கால் அகலம். இதுக்குத் தத்துவம் ஒண்ணும் பெரிசில்லை. உட்கார்ற இடம் எவ்வளவு உயரம், கால்கள் தரையில எவ்வளவு அகலமா நிக்குது, அவ்வளவுதான். கடையில வாங்கறப்ப, மேல இருந்து பார்த்தா நாலு காலும் சீட்டைத் தாண்டி வெளிய தெரியணும். சீட்டுக்கு நேர் கீழயே கால் நின்னா வாங்காதீங்க.

அப்ப மெத்தைச் சேருக்கு என்ன கேடு? முதல் கேடு தையல். ராகிக் கூழ் ரெக்சின் மடிப்புக்குள்ள போய்க் காஞ்சா சிமெண்டுதான். தயிர்ச் சோறு ஆரம்பிச்ச வாரம் ஒரு புளிச்ச வாடை, எங்கருந்துன்னே தெரியலை. உறையைக் கழட்டினா உள்ள ஸ்பாஞ்சுல ஊறிக் கிடக்கு. உறையைக் கழட்ட பெல்ட்டைக் கழட்டணும், பெல்ட்டைக் கழட்ட முதுகுப் பலகையைத் திருப்பணும். துவைச்சுக் காயப் போட்டா ஆடி மாசக் காத்துல ஒரு நாள், ஐப்பசி மழையில மூணு நாள். அது வரைக்கும் குழந்தை எதுல சாப்பிடும்? ரெண்டாவது, அந்த அஞ்சு நிலைச் சாய்வு. கடைக்காரர் அதைச் சொல்லித்தான் விலையை ஏத்தறார். சோறு ஊட்டறப்ப சாய்க்கவே கூடாதுன்னு ஆனப்புறம், அஞ்சுல நாலு நிலை எனக்கு வேண்டாத நிலை. சக்கரம் இருந்தா, வீட்டுல மூணு வயசு அண்ணன்காரன் (எங்க அண்ணன் பையன்) இருக்கறப்ப அது தள்ளுவண்டி. பிரேக் இருக்கு, போடணும்னு நினைப்பு இருக்கணுமில்ல.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கலாம். என்னால பொறுக்க முடியாதது அந்தக் கால் பலகை. சேர்ல கால் பலகைன்னு ஒண்ணு இருக்கு, ஆனா ரெண்டு வயசுக் குழந்தைக்கு எட்டற இடத்துல. ஆறு மாசக் குழந்தையோட கால் அதுக்கு எட்டாம மேலயே தொங்கும். எங்க பாப்பா நாலு வாய் சாப்பிட்டதும் நெளிவா, கையைத் தட்டுல ஊனுவா, முதுகை வில்லா வளைச்சுக் கத்துவா. பசியில்லைன்னு வீட்டம்மா சொன்னா. கண்ணு பட்டிருக்கும்னு அம்மா சொன்னாங்க. நான் என் ஸ்டூலை நினைச்சேன்.

லேத் முன்னால எனக்கு ஒரு உயர ஸ்டூல் உண்டு. கால் வைக்கற கம்பி உடைஞ்சு ஒரு வாரம் அப்படியே ஓட்டினேன். நீங்களும் வேணும்னா கம்பி இல்லாத உயர ஸ்டூல்ல ஏறி ஒரு டீ குடிச்சுப் பாருங்க. ரெண்டு நிமிஷத்துல தொடை மரத்துப் போகும், இடுப்பு தானா வழுக்கி முன்னால வரும், கை மேசையைப் பிடிச்சுக்கும். உடம்பு விழாம நிக்கறதுலயே கவனம் போயிடும். பெரியவன் எனக்கே அப்படின்னா, உட்காரவே போன மாசம்தான் பழகின குழந்தைக்கு எப்படி இருக்கும்? உட்கார்றது ஒரு வேலை, மெல்லறது ஒரு வேலை, ஸ்பூனைப் பிடுங்கறது ஒரு வேலை. பாதத்துக்கு ஒரு ஆதாரம் கொடுத்தா முதல் வேலை பாதியாக் குறையும். இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூணும் ஏறக்குறைய மூலை மட்டம் வச்ச மாதிரி 90 டிகிரியில மடங்கி இருக்கணும்னு குழந்தைகளுக்குப் பயிற்சி கொடுக்கற தெரபிஸ்டுகள் சொல்றதும் இதுக்குத்தான்.

இதை நார்வேக்காரர் பீட்டர் ஓப்ஸ்விக் 1972-லயே யோசிச்சிருக்கார். சின்னப் பையனா இருந்த தன் மகன் பெரியவங்க மேசையில காலைத் தொங்கப் போட்டுத் தவிக்கறதைப் பார்த்து அவர் வடிவமைச்சதுதான் ட்ரிப் டிராப் நாற்காலி. ரெண்டு பக்கமும் சாய்வா ஒரு மரச் சட்டம், அதுல வரிசையா காடி, அதாவது பலகையைச் சொருகற பள்ளம். அந்தக் காடியில ஒரு பலகை உட்காரறதுக்கு, இன்னொரு பலகை கால் வைக்கறதுக்கு. குழந்தை வளர வளர பலகைகளை இறக்கிக்கிட்டே போகலாம். அம்பது வருஷம் தாண்டியும் அதே வடிவம் விக்குது. நான் அதோட படத்தைப் பெரிசாக்கிப் பெரிசாக்கி அரை மணி நேரம் பார்த்தேன், ஒரு போல்ட்டுகூட அனாவசியமா இல்லை. விலையைப் பார்த்தப்புறம் மூடி வச்சுட்டேன்.

நடுவுல வேற ரெண்டு வகை பார்த்தோம், சுருக்கமா சொல்லிடறேன். பூஸ்டர் சீட், அதாவது சாதா நாற்காலி மேல வச்சுக் கட்டற குட்டி சீட். பொள்ளாச்சியில மாமியார் வீட்டுக்குப் போனப்ப ஓசி வாங்கி வச்சோம். அதுக்குத் தராசு காட்டினது மூணரை கிலோ. குத்தம் சீட்டு மேல இல்லை, அடியில இருந்த பிளாஸ்டிக் சேர் மேல. அதோட கால் தானா வளையும், முதுகு வழவழன்னு இருக்கறதால கட்டின பெல்ட்டும் நழுவும். கனமான மரச் சேர் இருக்கறவங்க, ஊருக்கு எடுத்துட்டுப் போக வாங்கலாம். இன்னொண்ணு மேசை விளிம்பைக் கவ்விப் பிடிக்கற தொங்கு சீட். எங்க மேசை கண்ணாடி. கண்ணாடி மேசை, ஒத்தைக் கால் மேசை ரெண்டுலயும் அதை மாட்டவே கூடாது. அதோட பேச்சு முடிஞ்சுது.

பெல்ட்டைப் பத்தி நான் பாடம் படிச்சது ஒரு ஓட்டல்ல. ஞாயித்துக்கிழமை, நல்ல கூட்டம். குழந்தைக்குச் சேர் கேட்டதும் உயரமா ஒரு மரச் சேர் கொண்டு வந்து போட்டாங்க. பார்க்க லட்சணம். பெல்ட்டு அறுந்து போய் எத்தனை நாளோ, நடுவுல தொடைக்கு இடையில வர வேண்டிய கட்டையும் இல்லை, முன்னால குறுக்கா ஒரு கம்பி மட்டும். நான் இட்லியைப் பிட்டு ஆற வைக்கத் திரும்பின நேரம், பாப்பா சர்ருனு கீழ வழுக்கிட்டா. இடுப்பும் நெஞ்சும் கம்பிக்கு அடியில போயாச்சு, தாடை மட்டும் கம்பி மேல. சத்தமே இல்லை. வீட்டம்மாதான் பார்த்து அள்ளினா. ஒண்ணும் ஆகலை. ஆனா அன்னைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கலை.

முன்னால இருக்கற தட்டையோ கம்பியையோ நம்பறது எவ்வளவு தப்புன்னு அப்பதான் உறைச்சுது. குழந்தை மேல் பக்கமா மட்டும்தான் விழும்னு நாம நினைக்கறோம், கீழ் பக்கமாவும் போகும். அதைத் தடுக்கறது தொடைக்கு நடுவுல வர்ற கட்டையும் பட்டையும்தான். அந்தக் கட்டை தட்டோட சேர்ந்து கழண்டு வந்தா போதாது, சீட்டோட சேர்ந்தே இருக்கணும். இடுப்புப் பட்டையும் அதுவும் சேர்ந்தது மூணு முனை பெல்ட்டு. தோளுக்கும் ரெண்டு பட்டை வந்தா அஞ்சு முனை. எழுந்து நிக்கற வயசுக்கு அஞ்சு முனைதான் நல்லது. அதுக்கப்புறம் வெளிய எங்க போனாலும் ஓட்டல் சேரைக் கையால ஒரு ஆட்டு ஆட்டி, பக்கிளை மாட்டி இழுத்துப் பார்த்துட்டுத்தான் உட்கார வைக்கறோம். பக்கிள் இல்லைன்னா மடி.

கடைசியா இப்ப ஓடற சேர். பெங்களூர்ல இருக்கற மச்சான் ரயில்ல கொண்டு வந்தான். வெள்ளைப் பிளாஸ்டிக் சீட்டு, அதுல சொருகற நாலு இரும்புப் பைப்புக் கால், மேல மாட்டற ஒரு தட்டு. வேற ஒண்ணுமே இல்லை. மெத்தை இல்லை, சக்கரம் இல்லை, சாய்வு இல்லை. காலைச் சொருகினா ஸ்பிரிங் பட்டன் டக்குனு வந்து ஓட்டையில உட்காருது, ஸ்பேனர் வேண்டாம். கவுத்துப் பார்த்தேன். பிசிறு இல்லை, விரல் மாட்டற இடுக்கு இல்லை, நடுக்கட்டை சீட்டோடயே வார்த்தது. பெட்டியில ஈ.என். 14988-னு போட்டிருந்துச்சு. அது ஹை சேருக்கான ஐரோப்பியத் தரம். தராசுல நாலரை கிலோ. மெத்தைச் சேரைவிடக் குறைவுதான், ஆனா மொத்த எடையே அதுல பாதிகூட இல்லாத சேருக்கு இது நல்ல கணக்கு. கால் அவ்வளவு விரிச்சு வச்சிருக்கான்.

கழுவறதுதான் இதோட பெரிய சுகம். அப்படியே தூக்கிட்டுப் போய்க் கொல்லையில குழாய்க்கு அடியில வச்சு ஒரு தேய் தேய்ச்சா முடிஞ்சுது. அம்மா சாம்பல் போட்டுத் தேய்க்கப் போனாங்க, கீறல் விழும்னு தடுத்தேன். கீறல்லதான் மஞ்சள் ஏறும். சாம்பார் சாதம் ஆரம்பிச்சப்புறம் தட்டு வெள்ளையா இருக்கும்னு ஆசைப்படாதீங்க. வெயில்ல வச்சா மஞ்சள் கொஞ்சம் வெளுக்குது.

இதுலயும் குறை இல்லாம இல்லை. விரிஞ்ச கால்தான் சாயாம காப்பாத்துது, அதே கால்தான் நடக்கறவங்களை இடறுது. அம்மா சுண்டு விரல்ல ரெண்டு தடவை. தட்டு ரொம்ப இறுக்கம், குழந்தை இருக்கறப்ப ஒரு ஆளால கழட்ட முடியாது, அதனால தட்டை மாட்டியே வச்சுட்டு மேல இருந்து குழந்தையை இறக்கறோம். பெல்ட்டு மூணு முனைதான். ஆறு மாசத்துல சீட்டு அவளுக்குத் தொளதொளன்னு இருந்துச்சு, ரெண்டு துண்டைச் சுருட்டி இடுப்புக்கு ரெண்டு பக்கமும் முட்டு வச்சோம். எட்டாம் மாசத்துக்கப்புறம் அது வேண்டியிருக்கலை.

கால் பலகை? சுத்தமா இல்லை. நானேதான் பண்ணினேன். சுலபம்னு நினைச்சு முன்கால் ரெண்டுக்கும் நடுவுல அளவெடுத்து 12 மி.மீ. பிளைவுட்ல ரெண்டு ஓட்டை போட்டு ஏத்தினேன், நின்னுச்சு. பத்து நாள் கழிச்சு ஒரு இஞ்ச் இறக்கலாம்னா இறங்க மாட்டேங்குது. கால் ரெண்டும் கீழ போகப் போக விரியுதில்ல, ஒவ்வொரு உயரத்துக்கும் இடைவெளி வேற. அப்புறம்தான் மண்டையில ஏறுச்சு. வட்ட ஓட்டைக்குப் பதிலா பக்கவாட்டுல நீள ஓட்டை போட்டு, அடியில ரெண்டு காலுக்கும் யூ கிளாம்பு. கிளாம்பைத் தளர்த்தினா பலகை எந்த உயரத்துக்கும் போகும். கிளாம்புக்குள்ள பழைய சைக்கிள் டியூபைச் சுத்தினேன், பெயின்ட்டு உரியாம இருக்க. பலகை விளிம்பை உருட்டி, உப்புத்தாள் போட்டு, தேங்காய் எண்ணெய் தேய்ச்சேன். வார்னிஷ் அடிக்கலை, எங்காளு எதையும் நக்குவா. முழுச் செலவு நூத்தம்பது ரூபாய்க்குள்ள.

பலகை மாட்டின அன்னைக்குக் காலையில அரை இட்லி போச்சு. நெய்யும் சர்க்கரையும் போட்டதால போச்சுன்னு அம்மா சொல்றாங்க, இருக்கலாம். ஆனா கையை ஊனலை, முதுகை வளைக்கலை. ரெண்டு பாதத்தையும் பலகையில பதிச்சு, பெருவிரலை மட்டும் ஆட்டிக்கிட்டு இருந்தா. வெந்த காரட்டு, பூசணித் துண்டு, நசுக்கின சிறுபருப்புச் சாதம்னு இப்ப பத்தாம் மாசம் அவளே அள்ளிப் போட்டுக்கறா. பாதி வாய்க்கு, பாதி தரைக்கு. தரைக்குப் போறதுக்காகப் பழைய பிளெக்ஸ் பேனரைத் திருப்பிப் போட்டு விரிச்சிருக்கோம். அடியில யாரோ ஒரு வேட்பாளர் கும்பிட்டபடி படுத்திருக்கார்.

கால் பலகை பண்ணப் போறவங்களுக்கு ஒரு விஷயம். பாதம் ஊனற இடம் கிடைச்சா குழந்தை எழுந்து நிக்கவும் பார்க்கும். தன் சேரோட பலகையைத் தானே உதைச்சா சேர் நகராது, ஆனா அவ எழுந்து நின்னா மொத்த பாரமும் மேல ஏறிடும், அப்ப என் நாலரை கிலோக் கணக்கெல்லாம் செல்லாது. பெல்ட்டை இறுக்கிப் போடணும், ஒரு கை எட்டற தூரத்துல ஆள் இருக்கணும். சுவரையோ சாப்பாட்டு மேசையையோ உதைக்க எட்டினா அதைவிட மோசம், சேரோட பின்னால போயிடுவா. ஒரு முழம் தள்ளி வைங்க.

மச்சானுக்கு ஐப்பசியில குழந்தை பிறக்கப் போகுது, இப்பவே ஒரு பலகை கேட்டு வச்சிருக்கான். சும்மாத்தான் தரணும், சேரைச் சுமந்து வந்த கூலி.

அடுத்த வாரம் மாமனார் வர்றார். ஞாயித்துக்கிழமை பரண்ல இருந்து மெத்தைச் சேரை இறக்கித் தூசி தட்டி ஹால்ல போடணும்னு வீட்டம்மா சொல்லியாச்சு. நாலு நாளைக்குப் பாப்பா அதுலதான் சாப்பிடுவா. அதோட கால் பலகைக்கு மேல அவ பாதம் எட்டற உயரத்துக்கு ஒரு கட்டையைச் செதுக்கி, மெத்தை நிறத்துலயே ரெக்சின் சுத்தி வச்சிருக்கேன். மாமா கேட்டா கம்பெனியே கொடுத்ததுன்னு சொல்லிக்கலாம்.